ஸ்பெல் செக்கர் காட்டாத பிழை

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சர்வரை இயக்கிவிட்டதாக வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மெயில் எழுதினேன்: "ஐ ஸ்விட்ச்டு ஆன் இட்". ஸ்பெல் செக்கர் சிவப்புக் கோடு போடவில்லை. ஒவ்வொரு சொல்லும் சரிதானே! மெயில் போன பிறகு டீம் லீடர் திருத்தினார்: "ஐ ஸ்விட்ச்டு இட் ஆன்". வெட்கமாகிவிட்டது.

ஆனால் "ஐ கிளிக்டு ஆன் இட்" சரி. ஏன்?

இங்கே ஆன் இடத்தைக் காட்டுகிறது: 'அதன் மீது'. எனவே இட் பின்னால் வரும். ஸ்விட்ச் ஆன் என்பதிலோ ஆன் வினையோடு ஒட்டி 'இயக்கு' என்றாகிறது. அப்போது இட், தெம் போன்ற பிரதிப்பெயர்கள் நடுவில்தான் வரும்: பேக்டு இட் அப், டர்ன்டு தெம் ஆஃப். பிரிண்டர் போன்ற பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடத்திலும் வரலாம்.

மெயில் அனுப்புமுன் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அதன் மீது', 'அதற்குள்' என்று பொருந்தினால் பெரும்பாலும் இட் கடைசியில்!