புல்வெட்டும் இயந்திரமும் கழற்றி வைத்த தடுப்பும்

பனி பெய்யும் நாடுகளில் வாசலில் குவியும் பனியை வாரி எறிவதற்கு பெட்ரோலில் ஓடும் இயந்திரம் ஒன்றைப் பல வீடுகளில் வைத்திருப்பார்கள். நமக்குப் பனி இல்லை, புல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் மழை பெறும் செராசில் ஒரு காலி மனையைச் சில மாதங்கள் கவனிக்காமல் விட்டால் லாலான் இடுப்பளவு வந்துவிடும். செராசின் ஒரு பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழும், மறுபகுதி சிலாங்கூரில் காஜாங் போன்ற நகராண்மைக் கழகங்களின் கீழும் வருகிறது. எந்தப் பக்கமாக இருந்தாலும் காலையில் கேட்கும் ஓசை ஒன்றுதான். சாலையோரத்தில் குத்தகையாளரின் ஆள்கள், வீட்டு முன்புறத்தில் வீட்டுக்காரர், கோயில் வளாகத்திலும் தமிழ்ப்பள்ளித் திடலிலும் கோத்தோங் ரோயோங் செய்யும் இளைஞர்கள் என்று எல்லார் தோளிலும் புல்வெட்டும் இயந்திரம் தொங்குவதைக் காணலாம். நம் கழக உறுப்பினர்களும் இதற்கு விலக்கல்லர்.

நான் செராசில் சிறு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சில ஆண்டுகளாக வார இறுதிகளில் வேலை செய்து வருகிறேன். பழுதுக்கு வரும் புல்வெட்டும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பாகம் இருப்பதில்லை. கத்திக்குப் பின்னால், குழலின் கீழ்ப்பகுதியில் பூட்ட வேண்டிய தடுப்புத் தகடுதான் அது. எங்கே என்று கேட்டால், "வாங்கிய அன்றே கழற்றிவிட்டோம், புல் சிக்குகிறது" என்பார்கள். இக்கட்டுரை பெரும்பாலும் அந்தத் தகட்டைப் பற்றியதுதான்.

முதலில் இயந்திரத்தின் அமைப்பைப் பார்ப்போம். நம் நாட்டில் அதிகம் புழங்குவது முதுகில் மாட்டிக்கொள்ளும் வகை. முதுகுச் சட்டத்தில் சுமார் 30 முதல் 40 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் இருக்கும். அதிலிருந்து ரப்பர் உறைக்குள் ஓடும் வளையும் தண்டு கைக்குழலுக்கு வருகிறது. குழலின் முனையிலுள்ள பற்சக்கரப் பெட்டி கத்தியைச் சுழற்றுகிறது. எஞ்சினுக்கும் தண்டுக்கும் இடையே கிளட்ச் ஒன்று உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கத்தி அசையாது. விசையை அழுத்தி வேகம் கூட்டினால்தான் கிளட்ச் பிடித்துக் கத்தி சுழலும். விசையை விட்ட பிறகும் கத்தி சுழன்றுகொண்டே இருந்தால், அந்த இயந்திரத்தை அதைச் சரிசெய்யாமல் தோளில் ஏற்றக்கூடாது.

கத்திக்குப் பதிலாக நைலான் கயிறும் பூட்டலாம். கடைக்காரர்கள் தங்சி என்பார்கள். இதற்கு வழிவகுத்தவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் பாலாஸ். கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, 1971இல் ஒரு தகரக் குவளையில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தாராம். நைலான் கல்லில் பட்டால் தேயும்; இரும்பு கல்லில் பட்டால் கல் பறக்கும். வீட்டைச் சுற்றிலும் பள்ளி வளாகத்திலும் தங்சியே போதும் என்பது என் கருத்து. தடித்த லாலானுக்கும் செடிகொடிகளுக்கும் மட்டும் கத்தி.

பூட்டும்போது பலரும் தடுமாறும் இடம் கத்தியின் நட்டு. மேலிருந்து பார்த்தால் கத்தி இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடாதிருக்க அந்த நட்டில் இடப்புரி வைத்திருக்கிறார்கள். வழக்கமான நட்டுக்கு நேர்மாறாக, கடிகார முள்ளின் எதிர்த்திசையில் திருகினால் இறுகும். முள்ளின் திசையில் திருகினால் கழலும். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் திருகிப் புரியை அழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. பற்சக்கரப் பெட்டியிலுள்ள துளையில் கம்பியைச் செருகி அச்சைப் பிடித்துக்கொண்டு, கத்தியின் நடுத்துளை மேல் வளையத்தின் மேட்டில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே இறுக்க வேண்டும். சரியாக அமராத கத்தி ஆடும். ஆடும் கத்தி நட்டைத் தளர்த்தும். இந்த வேலை எதற்கும் முன்னால் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் தற்செயலாகக்கூட உயிர்பெற வழியிருக்கக் கூடாது.

இனி தகட்டுக்கு வருவோம். 10 அங்குலக் கத்தி ஒன்று நிமிடத்திற்கு 7,000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்ளுங்கள். அதன் சுற்றளவு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் கத்தியின் நுனி விநாடிக்குச் சுமார் 93 மீட்டர், அதாவது மணிக்கு 335 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அடிபடும் கல்லுக்கு இந்த வேகத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே கண்ணாடி உடையும், கண் போகும். இடப்பக்கமாகச் சுழலும் கத்தியின் இடது விளிம்பு நம்மை நோக்கி வருகிறது என்பதையும் கவனியுங்கள். அந்த விளிம்பில் படும் கல் வேறெங்கும் போவதில்லை, நம் முழங்காலுக்கும் முகத்துக்கும்தான் வரும். இடையில் நிற்பது அந்தத் தகடு மட்டுமே.

புல் சிக்குகிறது என்பது பொய்யான புகார் அன்று. உயர்ந்த, ஈரமான புல்லை அடியோடு ஒரே வீச்சில் வெட்டினால் தகட்டின் அடியில் கட்டாயம் சிக்கும். அதற்கு வழி தகட்டைக் கழற்றுவதன்று. இரண்டு வீச்சில் வெட்டுவது. முதலில் மேல்பாதி, பிறகு அடிப்பாதி. நேரம் கூடுதலாகும், உண்மைதான். மனைக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை செய்பவருக்கு அந்த நேரம் காசு. அதனால்தான் தகடு கழற்றப்படுகிறது என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அது வெறும் அலட்சியமன்று.

தங்சி போட்டவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கத்தி பதித்திருப்பார்கள். தங்சி அளவுக்கு மீறி நீண்டால் அது நறுக்கிவிடும். தகடு இல்லையென்றால் தங்சியை நீளமாக விட்டு அகலமாக வெட்டலாம் என்பது பலருடைய எண்ணம். ஆனால் சுழலும் கயிற்றைக் காற்று எதிர்ப்பதற்கு ஈடாக எஞ்சின் தரவேண்டிய சக்தி, அதே வேகத்தில், நீளத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 20 சென்டிமீட்டர் தங்சியை 25 ஆக்கினால் கூடுதல் கால் பங்கு மட்டுமன்று. காற்றை வெல்ல மட்டும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சக்தி வேண்டும். எஞ்சின் திணறும், கிளட்ச் வழுக்கிச் சூடேறும். பட்டறைக்கு வரும் எரிந்த கிளட்ச்சுகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். தகட்டைக் கழற்றியவர் மிச்சம் பிடித்த நேரத்தைக் கிளட்ச் வாங்கும் கடையில் கொடுத்துவிடுகிறார்.

தங்சிக்குப் பதில் சங்கிலித் துண்டுகளைக் கோத்துச் செய்த தலைகளும் விற்பனைக்கு வந்ததுண்டு. ஒரு கண்ணி அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பு. உயிரிழப்புக்குப் பிறகு, 2012இல் ஐரோப்பிய ஆணையம் உறுப்பு நாடுகளில் இவ்வகைத் தலைகளின் விற்பனையைத் தடுக்க முடிவெடுத்தது. எவரேனும் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வேலை தொடங்குமுன் நிலத்தை நடந்து பார்ப்பது அவசியம். கோயில் வளாகமென்றால் இது இருமடங்கு அவசியம். திருவிழா முடிந்த திடலில் பந்தல் கட்டிய கம்பி, ஆணி, உடைந்த அகல், சிதறிய தேங்காய் ஓடு எல்லாம் புல்லுக்குள் கிடக்கும். கம்பி கத்தியில் சுற்றிக்கொண்டால் அறுந்த துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. சுற்றிலும் 15 மீட்டருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் கையேடுகளில் வழக்கமாகக் கூறும் தூரம். வரிசை வீடுகளில் அந்த அளவு இடம் எங்கே இருக்கிறது? அப்படிப்பட்ட இடத்தில் கத்தியை விட்டுத் தங்சிக்கு மாறுவதும், காரை நகர்த்தச் சொல்வதும், பிள்ளைகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்வதும்தான் வழி. பின்னாலிருந்து யாரும் தோளைத் தொட்டுக் கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டுத் திரும்புபவரோடு கத்தியும் திரும்பும்.

வலமிருந்து இடமாக வீசி, கத்தியின் இடப்பக்கத்தால் வெட்ட வேண்டும். வெட்டிய புல் இடப்பக்கம், ஏற்கெனவே வெட்டிய நிலத்தில் விழும். கத்தியை ஒரு கடிகார முகமாகப் பாவித்தால், 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட பகுதி ஆபத்தானது. அந்தப் பகுதி கல்லிலோ மரக்கட்டையிலோ பட்டால் குழல் முழுதும் வலப்பக்கம் உதைத்துத் திரும்பும். சரிவான நிலத்தில் நிற்பவர் நிலைதடுமாறி விழுவது பெரும்பாலும் இந்த உதையால்தான். சரிவில் மேலும் கீழுமாக அல்லாமல் குறுக்காக நடந்து வெட்டுங்கள். மழை பெய்த உடனே சரிவில் இறங்க வேண்டாம்.

கண் பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாலையோரத்தில் வெட்டுபவர்கள் பலர் சட்டையை முகத்தில் சுற்றி, வெயில் கண்ணாடி மட்டும் அணிந்திருப்பதைப் பார்க்கிறோம். கம்பிவலை முகக்கவசம் கல்லைத் தடுக்கும். வியர்வையில் மங்காது என்பதும் நன்மை. ஆனால் பொடிக்கண்ணாடியும் இரும்புத் துகளும் வலைக்குள் நுழைந்துவிடும். ஆகவே அதற்குள்ளே பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

கத்தி கல்லில் மோதும்போது தெறிக்கும் இரும்புத் துகள் மிகச் சிறிதாக இருந்தால் கண்ணுக்குள் புகுந்தும் பெரிய வலி இருக்காது. சற்றே உறுத்தும், கொஞ்சம் மங்கலாகத் தெரியும். தூசு என்று எண்ணித் தேய்த்துவிட்டு மீண்டும் வேலைக்குப் போய்விடுவார்கள். மண்ணோடு சேர்ந்து போன துகள் கண்ணுக்குள் கிருமித் தொற்றை உண்டாக்கினால் ஓரிரு நாளிலேயே பார்வை போகக்கூடும். ஏதேனும் தெறித்துப்பட்டதாகச் சந்தேகம் இருந்தால் தேய்க்கக் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. ஒரு காகிதக் குவளையைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து ஒட்டி, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். செராஸ்வாசிகளுக்கு பண்டார் துன் ரசாக்கில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை இருக்கிறது. நம்மில் பலர் இன்னும் எச்.யூ.கே.எம். என்றுதான் சொல்கிறோம். "இரும்பு பட்டிருக்கலாம்" என்று மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். காந்த அலைவரிசைப் படம் எடுக்கும் இயந்திரத்துக்குள் போனால் கண்ணிலுள்ள இரும்பு நகர்ந்துவிடும்.

ஓசையும் அதிர்வும் மெதுவாகக் கெடுப்பவை. வேலை செய்பவர் காதில் இந்த எஞ்சின் 95 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். 2019ஆம் ஆண்டு ஓசை விதிமுறைகளின்படி நம் நாட்டில் 8 மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். 94இல் ஒரு மணி நேரம், 97இல் அரை மணி நேரம். காதடைப்பான் இல்லாமல் காலை முழுதும் வெட்டுபவரின் காது என்னவாகும் என்று நீங்களே கணக்கிடலாம். அதிர்வினால் குளிர் நாடுகளில் விரல்கள் வெளுத்துப்போகும். அந்த வெளுப்பைத் தூண்டுவது குளிர் என்பதால் நம் வெயிலில் அது எளிதில் தெரிவதில்லை. விரல் மரத்துப்போவதும் இரவில் கூசுவதுமே இங்கே அறிகுறி.

2022இல் திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளர், முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகலாம் என்று அதில் இருக்கிறது. குத்தகை எடுத்து ஆள் வைத்து வேலை வாங்கும் நம் முன்னாள் மாணவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். கண்ணாடியும் காதடைப்பானும் வாங்கிக் கொடுப்பது தருமம் என்று எண்ண வேண்டாம், கடமை. தொழிலாளி வங்காளதேசத்தவரோ இந்தோனேசியரோ, யாராக இருந்தாலும் அப்படியே. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

எரிபொருள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் இறுகிவிடும். 25க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் டூ-டி எண்ணெய். 50க்கு 1 என்றால் 20 மில்லிலிட்டர். குடிநீர் போத்தலில் பெட்ரோல் வைக்காதீர்கள். குடித்துவிட யாராவது இருப்பார்கள். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, இயந்திரத்தை முதுகிலிருந்து இறக்கி வைத்த பிறகே ஊற்ற வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து சில அடி தள்ளிப்போய்த்தான் கயிற்றை இழுக்க வேண்டும்.

புல் சிக்கினால் கையை விடுமுன் எஞ்சினை நிறுத்துங்கள். கத்தி முழுதும் ஓய்ந்ததைக் கண்ணால் பாருங்கள். பனி ஒதுக்கும் இயந்திரத்தின் வாயில் அடைத்த பனியைக் கையால் எடுக்கப்போய் விரல் இழப்பவர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் உண்டு. எஞ்சின் நின்ற பிறகும் இறுகி நிற்கும் உள்விசிறி, அடைப்பு நீங்கியதும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அதற்கென்றே அவ்வியந்திரங்களோடு ஒரு குச்சி கொடுக்கிறார்கள். நமக்கும் ஒரு குச்சி போதும்.

பராமரிப்பு பெரிய வித்தையன்று. காற்று வடிகட்டியை வேலை முடிந்ததும் சவர்க்கார நீரில் கழுவிக் காயவிடுங்கள். பற்சக்கரப் பெட்டிக்கும் வளையும் தண்டுக்கும் கையேட்டில் கூறியபடி கிரீஸ் வையுங்கள். விரிசல் கண்ட கத்தியைப் பற்றவைத்து ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம், இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் தாங்கியிலுள்ள எண்ணெயை வடித்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் தங்கும் பெட்ரோல் பிசினாகி அடைத்துக்கொள்வதால்தான் தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்ய எடுக்கும்போது இயந்திரம் உயிர்பெறுவதில்லை. அந்த வாரம் பட்டறையில் வரிசை நிற்கும். பழைய தங்சி முறுமுறுவென்று ஒடிந்தால் வீச வேண்டாம். நைலான் நீரை உறிஞ்சும் பொருள். ஓர் இரவு வாளி நீரில் ஊறப்போட்டால் மறுபடி வளைந்துகொடுக்கும்.