உங்களுக்குத் தெரியுமா? – விமானி உரிமத்தின் விலை

● இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் மாணவருடையது.

● பயிற்சி, தேர்வு, விடுதி எல்லாம் சேர்த்துச் செலவு 50 லட்சம் ரூபாயைத் தொடுவது சகஜம்.

● பல பயிற்சிப் பள்ளிகளில் இன்ஜின் ஓடத் தொடங்கியதுமே மீட்டரும் ஓடும். ஓடுபாதை காலியாகட்டும் என்று தரையில் காத்திருக்கும் நிமிடங்களுக்கும் காசு உண்டு.

● உரிமம் கைக்கு வந்தாலும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்றவற்றை ஓட்ட, அந்தந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சி, தனிக் கட்டணம்.

● கிளாஸ் 1 மருத்துவச் சான்று இல்லாமல் இந்த உரிமம் கிடைக்காது. கட்டணம் கட்டும் முன் உடல்தகுதியைச் சோதித்துவிடுங்கள்.