ஓட இடம் இருக்கிறதா?

தச்சநல்லூரிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே போனால் தாழையூத்து, கங்கைகொண்டான், கயத்தாறு என்று மானாவாரிக் காடும் கரிசலும் விரியும். சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த மண்ணின் நாய்கள். முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனங்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று முயல் வேட்டை குற்றம். ஆனால் ஓடப் பிறந்த அந்த உடம்பு மாறவில்லை.

இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். முழுப் பாய்ச்சலில் ஒவ்வொரு எட்டுக்கும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பிவிடும். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் நாய் இது. ஆடோ பூனையோ குறுக்கே ஓடினால் பின்னாலேயே பறக்கும். அந்த நேரத்தில் எஜமான் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. நாற்கரச் சாலையை ஒட்டிய தெருக்களில் இதை அவிழ்த்துவிடுவது நாயின் உயிரோடு விளையாடுவது. கங்கைகொண்டானில் 2013-இல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. அந்தப் பக்கம் கயிறு கையை விட்டுப் போகவே கூடாது.

இரண்டு சென்ட் வீட்டில் சங்கிலியில் கட்டிப்போட்டு, 'ஊளையிடுகிறது, செருப்பைக் கடிக்கிறது' என்று குறைப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். தெருமுனை வரை நடத்திவிட்டு வருவது இந்த நாய்க்குப் போதாது. வேலி போட்ட தோட்டத்தில், வெயில் ஏறுமுன், ஆசை தீர ஓடவிட வேண்டும். ஓடி வந்ததும் சோறு வைக்காதீர்கள். மூச்சு அடங்கட்டும். நெஞ்சு இறங்கிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். சில மணி நேரத்தில் உயிரே போகும்.

உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் சிமெண்ட் தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும், சாக்காவது விரியுங்கள். இந்த உடல்வாகுள்ள நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும். அறுவைச் சிகிச்சைக்கு முன் இனத்தைச் சொல்லிவிடுங்கள். பக்கத்து இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த இராஜபாளையம் நாய்க்கு வேறொரு சிக்கல். பால்வெள்ளையே வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு வந்துவிடுகிறது. குட்டியின் முதுகுப்புறம் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்கள்.

நம் ஊர் நாயை வளர்க்க வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். ஓட இடமும், தினமும் அதற்கு ஒதுக்க நேரமும் இல்லாதவர்கள் சிப்பிப்பாறை வாங்காதீர்கள்.