பழையதை அழிக்கலாமா?

“எல்லாம் புதிய பெட்டிக்கு மாறிவிட்டது. பழையதை அழித்துவிடலாமா, சார்?”

பிறையில் எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகப் படங்களை மாற்றியபோது, படிவம் 4 மாணவி கேட்ட கேள்வி இது. அப்படங்களுக்கு வேறு நகல் இல்லை.

படங்கள் இருந்தது ‘நாஸ்’ பெட்டியில். பல கணினிகள் பிணையம் வழியாகப் பகிரும் சேமிப்புக் கருவி அது. அதன் வன்தட்டு நாளடைவில் தேயும். எனவே மாற்றியே ஆக வேண்டும்.

விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் அதிகபட்சம் 125 மெகாபைட் செல்லும். 2 டெராபைட் செல்லக் குறைந்தது 16,000 விநாடி, அதாவது ஏறத்தாழ நாலரை மணி நேரம் பிடிக்கும். இடையில் மின்சாரம் தடைபட்டால் கோப்பு அரைகுறையாக நிற்கலாம். ஆகவே ‘வெட்டி ஒட்டாமல்’ நகலெடுக்க வேண்டும்.

பிறகு ஒப்பிட வேண்டும். எஸ்எச்ஏ-256 என்ற கணக்குமுறை ஒவ்வொரு கோப்புக்கும் 64 குறிகள் கொண்ட ‘கைரேகை’ தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். இரண்டு பெட்டியிலும் அது ஒன்றாக இருந்தால் நகல் சரி.

ஓலைச்சுவடிக் காலத்திலும் இதே கவலைதான். படியெடுப்பவர் விட்ட எழுத்து அடுத்த படியிலும் விடுபடும். உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கியே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

நாங்களும் ஒப்பிட்டோம். மூன்று படங்கள் பொருந்தவில்லை. பழைய பெட்டியிலிருந்து அவற்றை மீண்டும் எடுத்தோம்.

மாணவிக்குப் பதில் கிடைத்துவிட்டது. பழைய பெட்டி இப்போது இரண்டாம் நகலாக வேறோர் அறையில் இருக்கிறது.