நீரிழிவுடையோரின் காற்புண்ணும் வரப்புப் பச்சிலையும்

வரப்புகளில் தானே முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டு, அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த களையாகும். அதன் இலைச்சாற்றை அரிவாள் வெட்டுக்கு இடுவது குடியானவர் வழக்கம். எலிகளில் நடத்திய சில சோதனைகளில் அது புண் ஆறத் துணைசெய்ததெனக் கண்டனர்.

ஆயினும் நீரிழிவுடையோர் இதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. அன்னாருக்கு நரம்பு மரத்துப்போவதால் முள் தைத்ததும் தெரிவதில்லை. பாதத்தில் இரத்த ஓட்டமும் குறைந்து புண் ஆறத் தாமதிக்கிறது. கசக்கிய பச்சிலையோடு மண்ணிலுள்ள கிருமிகளும் உட்புகக் கூடும்.

ஆகையால் புண் கண்டவுடன் சுத்தமான நீரினாற் கழுவி, தூய துணியாற் கட்டி, அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். சர்க்கரையை மட்டுப்படுத்தலும், ஆறும்வரை சேற்றில் இறங்காதிருத்தலும் அவசியம். இரவுதோறும் உள்ளங்காலைப் பார்வையிடுக. புண் கறுத்தபின் பச்சிலையாற் பயனில்லை; காலையே இழக்க நேரிடும். நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இதனை உழவருக்கு எடுத்துரைப்பார்களாக.