சுருண்ட ஓரமும் மெல்லிய நிழலும்

அயல் மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பரண்மீது ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கும். அப்பெட்டியின் அடியில், காகித உறையொன்றில், சில புகைப்படங்கள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். தில்லியின் கரோல் பாக்கிலும் மும்பையின் மாட்டுங்காவிலும் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நம்மவர்க்கு இக்காட்சி புதிதன்று. ஊரிலிருந்து புறப்பட்ட நாளில் தட்டையாக இருந்த அப்படங்கள், ஆண்டுகள் பல கழிந்தபின் எடுத்துப் பார்க்கையில் ஓரம் சுருண்டு கிடக்கக் காண்கிறோம்.

இந்தச் சுருளைக் கண்டு நாம் வருந்துகிறோம். ஆனால் கணினியில் படங்களைத் திருத்தும் இளைஞரோ, சுருளே இல்லாத படத்திற்குச் சுருண்ட ஓரத்தையும் அதன் கீழ் விழும் நிழலையும் வலிந்து உண்டாக்கி மகிழ்கின்றனர். அதனை எவ்வாறு செய்வது, நம் கண் ஏன் அதனை மெய்யென்று நம்புகிறது என்பதை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் என் பிழையொன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், தில்லியில் ஒரு வைகாசி மாதத்தில், என் பாட்டியாரின் படம் ஒன்று குழல்போல் சுருண்டிருக்கக் கண்டேன். அதைக் கையால் விரித்து, கனத்த தமிழகராதி ஒன்றின் அடியில் வைத்து அழுத்தினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தபொழுது படம் தட்டையாகத்தான் இருந்தது. பாட்டியாரின் நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு வெடிப்பும் ஓடியிருந்தது. அவருடைய படம் வேறொன்றும் எங்களிடம் இல்லை.

படம் ஏன் சுருளுகிறது? பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் அடித்தளம் வெறுந்தாள். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஜெலட்டின் எனும் பசைப்பொருள் மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். வெள்ளித் துகள்களாலாகிய உருவம் அந்த ஏட்டிற்குள்தான் அடங்கியுள்ளது. ஜெலட்டின் ஈரத்தை உட்கொண்டால் விரியும். உலர்ந்தால் தாளைக் காட்டிலும் மிகுதியாகச் சுருங்கும். காவிரிக் கரையின் ஈரக் காற்றில் இசைந்திருந்த படம், வடநாட்டுக் கோடையில் வீசும் ‘லூ’ எனும் உலர்காற்றில் படுகையில், உருவமுள்ள பக்கம் இழுபட்டு ஓரங்கள் மேல்நோக்கி எழுகின்றன. உலர்ந்த அந்த ஏடு அப்பளம்போல் நொறுங்கும் இயல்புடையது. ஆகவேதான் என் அகராதி அதனை உடைத்தது. 1970களில் பரவிய, இருபுறமும் பிளாஸ்டிக் பூசிய தாள்களில் இத்தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது.

இனி நிழலைப் பற்றிச் சிந்திப்போம். சுருண்ட படம் ஒன்றைச் சன்னலருகே மேசைமீது வைத்துப் பாருங்கள். படத்தின் நடுப்பகுதி மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நிழல் ஒரு மெல்லிய கோடாக, திருத்தமாக இருக்கும். மூலைகள் எழும்பியுள்ள இடத்திலோ நிழல் படத்தை விட்டு விலகி, அகன்று, ஓரம் மங்கிக் கரைந்து காணப்படும். பொருள் எவ்வளவு உயர எழும்புகிறதோ, அவ்வளவுக்கு நிழல் விலகும்; அவ்வளவுக்கு மங்கவும் செய்யும். இதுவே அடிப்படை விதி.

மங்கலின் அளவைக் கணக்கிடவும் இயலும். ஒரு மீட்டர் அகலமுள்ள சன்னல் இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் எழும்பிய மூலையின் நிழலோரம் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் அகலத்திற்கு மங்கியிருக்கும். நேர்வெயிலில் அதே மூலையின் நிழலோரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே மங்கும். அவ்வளவு சிறிய கோணத்தில் சூரியன் நமக்குத் தோன்றுகிறது. ஆகையால் கணினியில் நாம் உண்டாக்கும் மென்னிழல் வெயிலின் நிழலன்று, சன்னலின் நிழல் என்று மனத்திற்கொள்ள வேண்டும்.

கணினியில் இதனைச் செய்வதற்கு இரு கருவிகள் பெயர் பெற்றவை. ஒன்று, 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப், இது விலைக்குரியது. மற்றொன்று, 1996இல் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு அளிக்கப்பட்ட ஜிம்ப். இதனை எவரும் இலவசமாகப் பெறலாம். இரண்டிலும் ‘லேயர்’ எனப்படும் அடுக்குமுறை உண்டு. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் உருவை வரைந்தாற்போல் இதனைக் கருதலாம். ஒரு தகட்டைத் திருத்தினால் மற்றவை மாறுவதில்லை.

ஆறு அங்குல அகலமுள்ள படம் ஒன்றை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் கணினியில் ஏற்றியுள்ளதாகக் கொள்வோம். படம் 1,800 புள்ளிகள் அகலம் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 118 புள்ளிகளாகும். முதலில் படத்தைச் சுற்றி நாற்புறமும் வெற்றிடம் விட்டு, அடியில் வெளிர்நிறப் பின்னணி ஒன்றை அமைக்க வேண்டும். நிழல் விழுவதற்கு இடம் வேண்டுமன்றோ? பின்னர், படத்திற்கும் பின்னணிக்கும் இடையே ஒரு புதிய அடுக்கைத் திறந்து, படத்தின் அளவிலேயே ஒரு கறுப்புச் செவ்வகம் வரைய வேண்டும். இதுவே நம் நிழல். படம் அதனை முற்றிலும் மறைத்திருக்கும்.

அடுத்து, அச்செவ்வகத்தை ‘வார்ப்’ எனும் வளைக்கும் கருவியால் வளைக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இது ஒரு வலைபோல் தோன்றும். ஜிம்ப்பில் தூரிகைபோல் தள்ளி வளைக்கும் கருவியாக அமைந்துள்ளது. செவ்வகத்தின் கீழ் மூலைகள் இரண்டையும் 40 அல்லது 50 புள்ளிகள் கீழே இழுத்து, கீழோரத்தின் நடுப்பகுதி படத்தினடியில் ஒளியுமாறு மேலே தள்ளுக. அப்பொழுது கறுப்பு உருவின் கீழோரம் ஒரு வில்போல் வளைந்து, அதன் இரு முனைகள் மட்டும் படத்தின் கீழ் மூலைகளுக்கு அப்பால் தெரியும். படமோ இன்னும் தட்டையாகவே உள்ளது. ஆயினும் நம் கண் உடனே மூலைகள் எழும்பியுள்ளன என்று முடிவு செய்துவிடுகிறது.

இதன்பின் நிழலை மங்கச் செய்ய வேண்டும். ‘காஷியன் பிளர்’ எனும் வடிகட்டி இதற்கென உள்ளது. முன்னர் நாம் கண்ட அரை சென்டிமீட்டர் மங்கல் இங்கு ஏறக்குறைய 60 புள்ளிகளாகும். வடிகட்டியின் அளவை 15 என்று வைத்தால் அது கிட்டும். நிழலின் அடர்த்தியை 100 சதவீதத்திலிருந்து 40 சதவீத அளவிற்குக் குறைக்கவும். அந்த அடுக்கின் கலப்பு முறையை ‘மல்டிப்ளை’ என்று மாற்றினால், நிழல் பின்னணியை மூடாமல் அதன் நிறத்தையே இருளச் செய்யும். மரப்பலகைப் பின்னணியாயின் மரத்தின் வரிகள் நிழலினூடே தெரியும். மெய்யான நிழலும் அப்படித்தானே விழுகிறது! முடிவாக, மூன்று நான்கு புள்ளிகளே மங்கிய மெல்லிய நிழல் ஒன்றைக் கீழோரத்தின் நடுவில் தனி அடுக்காக இட்டால், படம் மேசையைத் தொடும் இடம் எது என்பதும் விளங்கிவிடும். பலர் இதனை மறந்துவிடுகின்றனர். அதனால் அவர்களுடைய படம் மேசைமீது கிடவாமல் ஆகாயத்தில் மிதப்பதுபோல் தோன்றுகிறது.

கண் இவ்வாறு நம்புவதற்குக் காரணம் என்ன? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சியில் புகழ் பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1988இல் இது குறித்த ஆராய்ச்சிகளை வெளியிட்டார். மேற்புறம் வெளுத்து அடிப்புறம் கறுத்த வட்டத்தை நாம் புடைப்பாகக் காண்கிறோம். அதனையே தலைகீழாகத் திருப்பினால் குழிவாகக் காண்கிறோம். ஒளி மேலிருந்தே வரும் என்றும், காட்சி முழுவதற்கும் ஒளி ஒன்றே என்றும் மூளை எடுத்துக்கொள்கிறது. சூரியன் ஒன்றே உள்ள உலகில் பழகிய மூளைக்கு இது இயல்பே.

இதிலிருந்து நமக்கு இரு பாடங்கள் கிடைக்கின்றன. நிழல் எப்பொழுதும் படத்தின் கீழ்ப்புறமாகவே விழ வேண்டும்; மேற்புறம் விழுந்தால் படம் பள்ளத்தில் பதிந்தாற்போல் தோன்றக்கூடும். இரண்டாவதாக, ஒரே பக்கத்தில் நான்கு படங்களை அடுக்கினால் நான்கின் நிழலும் ஒரே திசையில் அமைய வேண்டும். ஃபோட்டோஷாப்பின் நிழலமைப்பில் எல்லாப் படங்களுக்கும் ஒரே ஒளித்திசையை வழங்கும் ஏற்பாடு இதற்காகவே உள்ளது.

அண்மையில் என் அன்னையாரின் எண்பதாம் ஆண்டு நிறைவிற்காக, என் தங்கையின் மகன் ஒரு படத்தொகுப்பைத் தயாரித்தான். பாட்டியாரின் வெடித்த படத்தையும் அதில் சேர்த்திருந்தான். மூலைகள் எழும்பி, சன்னலொளியில் மேசைமீது கிடப்பதுபோல் அது விளங்கிற்று. அன்னையார் அப்பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவி, “இது சுருண்டிருக்கிறதே, நேராக்கி வைக்கக் கூடாதா?” என்று கேட்டார். “நிஜமாகச் சுருண்டிருந்ததை மாமா நேராக்கிவிட்டார், பாட்டி, இது நிழல்தான்” என்றான் அவன். நான் ஒன்றும் பேசவில்லை.

அவன் செய்த வேறொரு காரியம் எனக்கு மிகவும் உகந்ததாக இருந்தது. படத்தைக் கணினியில் ஏற்றியவுடன் அந்த மூலப்பிரதியைத் தொடாமல் தனியே ‘டிஃப்’ கோப்பாகச் சேமித்து வைத்தான்; வெடிப்பும் கறையும் அதில் உள்ளபடியே உள்ளன. நிழல், சுருள் முதலிய அலங்காரங்கள் யாவும் மறுபிரதியில் மட்டுமே செய்யப்பட்டன. படத்தின் பின்புறத்தையும் ஏற்றி வைத்திருந்தான். அங்கேதான் பாட்டியாரின் பெயரும், ஊரும், எடுத்த ஆண்டும் பாட்டனாரின் கையெழுத்தில் இருந்தன. தமிழ் படிக்கக் கற்காத பேரக்குழந்தைகள் பலர் இன்று அயல் மாநிலங்களில் வளர்கின்றனர். அப்பெயர்களை வாய்விட்டுப் படித்துச் சொல்லவும், கோப்பின் பெயரோடு எழுதி வைக்கவும் இப்பொழுதே முற்படுவது நன்று.

தங்கள் இல்லத்துப் பெட்டியில் மிகவும் சுருண்ட படம் இருப்பின், அதனைக் கையால் விரிக்க வேண்டாம்; ஸ்கேனர் மூடியால் அழுத்தவும் வேண்டாம்; நீரில் நனைக்கவும் வேண்டாம். சன்னலருகே வைத்து, உள்ளது உள்ளபடி, மேலிருந்து கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரிக்கும் பணியைப் பழஞ்சுவடிகளையும் படங்களையும் பேணும் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். அவ்வாறு எடுக்கும்பொழுது அந்த மூலையின் கீழ் விழும் நிழலையும் சற்று நின்று நோக்குங்கள். கணினியில் தாங்கள் அமைக்க விரும்பும் நிழலுக்கு அதுவே தக்க மாதிரியாகும்.