ஆலயத்தில் நின்ற அன்னா

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில், வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றில் எமது பெண்கள் குழுவின் ஒளிவிழா நடைபெற்றது. பாலன் குடிலைப் பனையோலையாலும் சவுக்கங் கொப்புகளாலும் மூன்று நாள் பாடுபட்டுக் கட்டியவர், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. 2009 இல் வன்னியில் கணவரை இழந்தவர்.

குடிலில் பாலனை வைப்பதற்கு அவரையே அழைத்தேன். அவர் கடைசி வாங்கில் இருந்து எழும்பவில்லை.

“நான் வேண்டாம் பிள்ளை. நல்ல நாளிலை நான் முன்னுக்கு வந்து நிண்டால் சரியில்லை. ஆரும் குடும்பமாய் இருக்கிற ஆக்களைக் கூப்பிடுங்கோ.”

நான் வற்புறுத்தவில்லை. நேரமும் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் ஆசிரியையை அழைத்தேன். அவர் பாலனை வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். குடிலைக் கட்டிய கைகளும் பின்னாலிருந்து தட்டின.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, கணவரை இழந்த பெண்களைச் சமூகம் ஒதுக்குவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்தக் கணத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அன்றிரவு நித்திரையும் வரவில்லை.

அதே மாதம் 30 ஆம் திகதி காலைத் திருப்பலிக்குப் போனேன். நத்தார் முடிந்து ஐந்து நாள். ஆலயத்தில் ஆட்கள் குறைவு. நத்தாரையடுத்து வரும் நாட்களைத் திருச்சபை வெறும் கொண்டாட்டமாக வைக்கவில்லை. 26 இல் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானை நினைக்கிறோம். 2004 இல் கடல் எங்கள் கரையோரக் கிராமங்களை அள்ளிச் சென்றதும் அதே நாளில்தான். 28 இல் ஏரோது மன்னன் கொன்ற குழந்தைகளை நினைக்கிறோம். 30 ஆம் திகதிக்குரிய நற்செய்தி வாசகம் ஒரு கைம்பெண்ணைப் பற்றியது. லூக்கா எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் அன்னாதான் அவர். எத்தனையோ தடவை கேட்ட வாசகம். அன்றுதான் என் காதில் விழுந்தது.

அன்னா ஏழு ஆண்டுகளே கணவருடன் வாழ்ந்தவர். பாலன் இயேசுவைக் கண்டபோது அவருக்கு வயது எண்பத்து நான்கு. அக்காலத்தில் பெண்களுக்குப் பதின்ம வயதிலேயே திருமணமாகிவிடும். அப்படியானால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். அவர் ஆசேர் குலத்தவர் என்றும் லூக்கா குறிப்பிடுகிறார். இஸ்ரயேலின் வடபகுதியில் வாழ்ந்த குலம் அது. கி.மு. 722 அளவில் அசீரியரின் படையெடுப்பால் அந்த வடநாடு அழிந்து, மக்கள் சிதறிப்போனார்கள். இடம்பெயர்ந்த இனத்தின் மிச்சமாக நின்ற ஒரு விதவைதான் அன்னா. இது எங்களுக்குத் தூரத்துக் கதை அல்ல.

எங்கள் ஊர்களில் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்போம். யூதரின் சட்டப்படி ஆண் குழந்தை பிறந்து நாற்பது நாள் சென்றபின் தாய் ஆலயத்துக்குப் போக வேண்டும். மரியாளும் சூசையப்பரும் ஏழைகளுக்குரிய காணிக்கையான இரண்டு பறவைகளுடன் போனார்கள். அங்கே முதியவரான சிமியோன் குழந்தையை ஏந்தி இறைவனைப் புகழ்ந்தார். பின்பு தாயைப் பார்த்து, அவளுடைய உள்ளத்தை வாள் போன்றதொரு துயரம் ஊடுருவும் என்றார். கைக்குழந்தையுடன் நிற்கும் இளம் தாய்க்கு எவ்வளவு பாரமான சொல்! அந்த நேரத்தில் அருகே வந்து நின்றவர் அன்னா.

நல்ல காரியம் என்று அவர் விலகி நிற்கவில்லை. “நீ தள்ளி நில்” என்று எவரும் சொன்னதாக வேதத்தில் இல்லை. அவர் கடவுளுக்கு நன்றி கூறி, விடுதலைக்காகக் காத்திருந்த எல்லோரிடமும் குழந்தையைப் பற்றிப் பேசினார். பெண்களின் சாட்சியம் பெரிதாக எடுபடாத காலத்தில், அதுவும் ஒரு கைம்பெண்.

இதைக் கேட்டபோது என் அம்மாவின் நினைவு வந்தது. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டுச் சனம் சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது எனக்கு ஏழு வயது. அடுத்த ஆண்டு அப்பா இல்லை. அம்மா தனியே எங்களை வளர்த்தார். அக்காவின் கலியாணத்துக்குக் காசு சேர்த்தது, பலகாரம் சுட்டது எல்லாம் அவர்தான். திருமணத் திருப்பலியில் மட்டும் கடைசி வாங்கில் இருந்தார். படம் எடுக்கவும் வரவில்லை. அக்காவின் அல்பத்தில் அம்மா இல்லை. நாங்கள் யாரும் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வரவுமில்லை.

இது என் அம்மாவின் கதை மட்டுமல்ல. 2010 இல் பிரதி அமைச்சர் ஒருவர் வெளியிட்ட கணக்கின்படி, வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட சகோதரிகளின் நிலை இன்னும் கடினம். பொட்டு வைத்தாலும் ஒரு கதை, வைக்காவிட்டாலும் ஒரு கதை. ஆணைக்குழுக்களின் முன் திரும்பத் திரும்பச் சாட்சி சொன்ன இவர்களுக்கு, ஊரில் ஒரு விளக்கை ஏற்ற இடமில்லை என்பது எவ்வளவு அநியாயம்!

சிமியோனின் புகழ்ச்சியை லூக்கா முழுமையாக எழுதியிருக்கிறார். அன்னா சொன்னவற்றில் ஒரு சொல்லைக்கூட எழுதவில்லை. முன்பு எனக்கு அது குறையாகத் தோன்றியது. இப்போது வேறு விதமாக நினைக்கிறேன். அன்னா என்ன சொல்லியிருப்பார் என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் மத்தியிலேயே இருக்கிறார்கள். நாங்கள்தான் அவர்களைக் கடைசி வாங்கில் இருத்தி வைத்திருக்கிறோம்.

இவ்வாண்டு ஒளிவிழாவுக்கு முன், அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் அன்னாவின் பகுதியை வாசித்துக் காட்டினேன். சென்ற ஆண்டு நான் பேசாமல் விட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டுக் கேட்டார்:

“எண்பத்து நாலு வயசோ? அவவுக்குப் பிள்ளையள் இருந்ததோ?”

“அது எழுதப்படவில்லை அம்மா.”

சிறிது நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “நான் குடிலைக் கட்டித் தாறன். மற்றதை அண்டைக்குப் பாப்பம்” என்றார்.

அவர் வருவாரோ தெரியாது. இம்முறை அவர் எழும்பும் வரை பாலனை வேறு எவர் கையிலும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

அன்பான சகோதரிகளே, உங்கள் ஊரிலும் நத்தார் வரும். கணவருடன் வாழ்பவர்களே, முன்னால் போகும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள்; கடைசி வாங்கில் இருப்பவரின் கையைப் பிடித்துக் கூட்டிச் செல்லுங்கள். கணவரை இழந்தவர்களே, தேடிக்கொண்டிருப்பவர்களே, உங்களைப் பின்னால் நிற்கச் சொன்னது வேதமல்ல. பாலனைப் பற்றி ஊருக்குச் சொன்னவர்களில் உங்களைப் போன்ற ஒருத்தியும் இருந்தாள்.

அனைவருக்கும் நத்தார் வாழ்த்துகள்.